இரண்டரை மாதம் வேலூர் வெயிலைத் திட்டினேன்

நான் வீட்டில் இருந்தபடி கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறவள். ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முகூர்த்தம், ரிசப்ஷன், மூன்று நிமிட ஹைலைட்ஸ் என்று வெட்டி ஒட்டி, கலர் சரிபார்த்து, ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது ஃபைல் தயாராக இருக்கும். கம்ப்யூட்டர் 2018 கடைசியில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5-8400, 16 ஜிபி ரேம், பிராசஸர் டப்பாவோடு வந்த அதே ஃபேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நானும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இந்த வருடம் மாசியில் ஆரம்பித்து சித்திரை முடிகிற வரைக்கும் அது என்னைப் படுத்திய பாட்டை யாராவது முன்னாடியே எனக்குச் சொல்லியிருந்தால் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாயும் ஒரு நல்ல வாடிக்கையாளரும் மிஞ்சியிருப்பார்கள். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், என் முட்டாள்தனம் உட்பட.

பிப்ரவரி கடைசியில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு வீடு மாறினோம். சாமான் எல்லாம் ஒரு குட்டியானையில் ஏறியது. மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன், சிபியுவை மட்டும் பீரோவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் நிற்கவைத்து அனுப்பிவிட்டேன். (நம்மூரில் பெட்டி முழுவதையும் சிபியு என்றுதான் சொல்கிறோம். பின்னால் இதுவே ஒரு குழப்பமானது. 'சிபியு ஹீட் ஆகுது' என்று நான் கடையில் சொன்னபோது அவர்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்து 'அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்' என்றார்கள். நான் சொன்னது உள்ளே இருக்கும் பிராசஸரை.) புது வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்தேன். ஆன் ஆனது. அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

முதல் வாரத்தில் கவனித்தது சத்தம்தான். எடிட்டிங் மென்பொருளான பிரீமியரைத் திறந்தாலே ஃபேன் மிக்ஸி மாதிரி அலறும். அப்புறம் ரெண்டர். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று இழுத்தது. வெளியே மார்ச் மாத வெயில் ஆரம்பித்திருந்தது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: 'வேலூர் வெயில்ல மனுஷனே தாங்கல, மெஷின் எப்படித் தாங்கும்?' எனக்கும் அது நியாயமாகவே பட்டது. புது வீட்டில் என் அறை மேற்குப் பார்த்தது, மேலே மொட்டை மாடி, மதியம் மூன்று மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும். இப்படி ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் ரெடியாக இருக்கும்போது வேறு காரணத்தை யாரும் தேடுவதில்லை, நானும் தேடவில்லை.

மார்ச் நடுவில் முதல் தடவையாக ரெண்டர் பாதியில் பெட்டி பொசுக்கென்று அணைந்தது. நீலத் திரை, எச்சரிக்கை, எதுவும் இல்லை. மறுபடி ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது: சிபியு ஓவர் டெம்பரேச்சர் எரர், செட்டப்புக்குப் போக எஃப் 1 அழுத்தவும். நான் எஃப் 1 அழுத்தினேன், பயாஸ் திரை (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை) வந்தது, எஸ்கேப் தட்டி வெளியே வந்து விண்டோஸுக்குள் போய்விட்டேன். ஆமாம், பிராசஸர் தன் வாயாலேயே சொன்னதைத்தான் நான் பட்டனைத் தட்டித் தள்ளிவிட்டேன். அந்த நேரத்தில் என் தலையில் ஓடியது ஒன்றே ஒன்று, காலை பத்து மணிக்கு ஃபைல் கொடுக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது கறுப்புத் திரையில் எது வந்தாலும் போனில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது. நான் எடுத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அடுத்த தடவை அணைந்தபோது அந்த வரி வரவில்லை. இந்த முறை கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். சிவப்புக் குறியோடு 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது. பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன், பவர் சப்ளைதான் கோளாறு. உண்மையில் அந்த 41 சொல்வது இவ்வளவுதான்: போன முறை கம்ப்யூட்டர் முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை. கரண்ட் போனாலும் 41, யாராவது பிளக்கைப் பிடுங்கினாலும் 41, சூடு தாங்காமல் அணைந்தாலும் 41. ஏன் என்று அது சொல்லவே சொல்லாது. இது தெரியாமல் 2,700 ரூபாய்க்குப் புது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளையைத்தான் கடையில் இப்படிச் சொல்வார்கள்) வாங்கி மாட்டினேன். பழையதில் கோளாறே இல்லை, இன்றைக்கும் பரணில் கிடக்கிறது.

அப்புறம் ஒரு தொடர் ஓட்டம். வைரஸாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஃபார்மட் செய்ய 500 ரூபாய். பிளகின், எழுத்துரு, என் கலர் செட்டிங் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற இரண்டு நாள். ரேமை எடுத்து ரப்பரால் தேய்த்துப் போட்டுப் பார்த்த இன்னொருவர் ஒரு ஸ்டிக் வீக்காக இருக்கிறது என்றார், 2,100 ரூபாய். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போய்வந்த செலவு தனி. ஒவ்வொரு முறையும் கடையில் ஆன் செய்து பத்து நிமிடம் டெஸ்க்டாப்பைக் காட்டி 'பாருங்க மேடம், ஓடுதே' என்பார்கள். டெஸ்க்டாப் ஓடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிராசஸருக்கு வேலை கொடுத்தால்தானே தெரியும்? கடைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அவர்கள் கண்ணெதிரே வேலை கொடுத்துக் காட்டுங்கள். பிரீமியர்தான் வேண்டும் என்றில்லை, சினிபெஞ்ச் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஒரு பட்டனைத் தட்டினால் பிராசஸரின் எல்லா கோரையும் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நூறு சதவீதம் ஓட்டும்.

ஏப்ரலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கல்யாண வீடியோ, பெண் வீட்டார் வெளிநாடு கிளம்புகிறார்கள், சனிக்கிழமைக்குள் வேண்டும். வெள்ளி இரவு நான்கு தடவை ரெண்டர் போட்டேன், நான்கு தடவையும் பாதியில் நின்றது. காலையில் ஸ்டுடியோ அண்ணனுக்குப் போன் செய்து முடியவில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. 'சரிம்மா, பரவால்ல, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் பையன்கிட்ட குடுத்து விடு' என்றார். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அந்த வாரம் நான்காவதாக ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் கேட்டதும் சரியாகவே சொன்னார்: 'ஹீட்டுதான் மேடம், பேஸ்ட் காஞ்சிருக்கும்.' ஃபேனைக் கழற்றி, புளோயர் அடித்து, புது தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டை மேலே இருக்கும் உலோகக் கட்டிக்குக் கடத்தும் பசை) வைத்து மாட்டிக்கொடுத்தார், 400 ரூபாய். வீட்டுக்கு வந்து ரெண்டர் போட்டேன், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்பது நாள் ஒழுங்காக ஓடியது. பத்தாவது நாள் மறுபடி மிக்ஸி சத்தம். திரும்பப் போய்க் கேட்டதற்கு அவரும் கடைசியில் அங்கேயே வந்து நின்றார், 'அதான் மேடம், வெயில்.' அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, நோயைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனால் பேஸ்ட் மாற்றினால் முடிந்தது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

அன்று ராத்திரிதான் முதல்முறையாக அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைக் காட்டும், பிராசஸரின் வெப்பநிலையைக் காட்டாது. அதற்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப், ஹெச்டபிள்யூமானிட்டர் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, ஏதாவது ஒன்று போதும். முதலில் திறந்ததும் பயந்துபோனேன், ஏதோ ஒரு வரியில் 127 டிகிரி என்று இருந்தது. மதர்போர்டில் எதுவும் இணைக்காத சென்சார்கள் இப்படிப் பொய் எண் காட்டும், சில சமயம் மைனஸிலும் காட்டும். ஒரே எண்ணில் ஆடாமல் அசையாமல் நின்றால் அதை விட்டுவிடுங்கள். நாம் பார்க்க வேண்டியது கோர் 0, கோர் 1 என்று வரிசையாக வரும் எண்களையும், சிபியு பேக்கேஜ் என்ற எண்ணையும். பக்கத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று தனித்தனிப் பத்தி இருக்கும். ரெண்டர் போட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டு வந்தாலும் எவ்வளவு உச்சத்துக்குப் போனது என்று அதில் நிற்கும்.

என்னுடையதில் சும்மா இருக்கும்போதே 68. ரெண்டர் போட்டதும் 100. என் பிராசஸருக்கு இன்டெல் கொடுத்திருக்கும் உச்ச வரம்பே 100தான். அதைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும், அதையும் மீறினால் மொத்தமாக அணைந்துவிடும். டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பார்த்தேன். ஆறு கோரும் ஓடும்போது 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போக வேண்டியது 0.79ல் தவழ்ந்துகொண்டிருந்தது. மூன்று மணி நேரம் இழுத்த ரெண்டரின் ரகசியம் இதுதான். இதற்கு நான் ரேம் வாங்கியிருக்கிறேன்! பொதுவாகச் சூட்டால் வரும் பிரச்சினையில் முதலில் இந்த வேகக்குறைவு தெரியும், அணைவதெல்லாம் அப்புறம்தான். வேகம் கொஞ்சமும் குறையாமல், வெப்பநிலையும் எழுபது எண்பதிலேயே இருக்கும்போது பட்டென்று அணைந்தால் அப்போது எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம். இந்த இரண்டு எண்ணையும் பார்க்காமல் யாரும் எதையும் வாங்க வேண்டாம். இன்னொன்று, எந்த எண் அதிகம் என்பது பிராசஸரைப் பொறுத்தது. ஏஎம்டி ரைசன் 5 3600க்கு வரம்பு 95. ரைசன் 7000 வரிசையில் பெரிய பிராசஸர்கள் முழு வேலையில் 95ஐத் தொடுவதே சாதாரணம். உங்கள் மாடலின் வரம்பு என்ன என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சூடு என்பது உறுதி. ஆனால் இது வெயிலா, வேறா? மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் அறை வெப்பநிலையும் காட்டும், 28. முந்தின ராத்திரி அளந்தபோது 35 இருந்தது. கணக்கு சுலபமானது: ஃபேன் வெறும் காற்றைத்தான் அடிக்கிறது, அறை ஏழு டிகிரி குறைந்தால் பிராசஸரும் ஏறக்குறைய ஏழு டிகிரி குறைய வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது 61 காட்டியது. கணக்கு ஒத்துப்போனது. ஆனால் 28 டிகிரி அறையில் சும்மா இருக்கும் பிராசஸர் எதற்கு 61ல் இருக்க வேண்டும்? சினிபெஞ்ச் பட்டனைத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் 100. நிறுத்தினேன், அதே வேகத்தில் சரசரவென்று எழுபதுக்கு இறங்கிவிட்டது. நான்கைந்து தடவை செய்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அதே மூன்று விநாடி.

இந்த மூன்று விநாடிதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது, இதைப் படிக்கிறவர்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினியக் கட்டி, அதாவது ஹீட் சிங்க், சூடேற நேரம் எடுக்கும். அடி கனமான தோசைக்கல் மாதிரி. சூடு ஒழுங்காக அதற்குள் இறங்கினால், வேலை ஆரம்பித்ததும் எண் கொஞ்சம் தாவிவிட்டு, அப்புறம் பத்து நிமிடம் போல மெதுவாக ஏறி ஒரு இடத்தில் நிற்கும். தூசி அடைத்திருந்தாலோ, பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாவிட்டாலோ, அறை சூடாக இருந்தாலோ அந்த மெதுவான ஏற்றம் இன்னும் மேலே போய்த்தான் நிற்கும். ஆனால் இரண்டு மூன்று விநாடியில் உச்சிக்குப் போய், நிறுத்தியதும் உடனே விழுந்தால், சூடு கட்டிக்குள் இறங்கவே இல்லை என்று அர்த்தம். பிராசஸரும் ஹீட் சிங்க்கும் ஒழுங்காக ஒட்டிக்கொள்ளவில்லை. வெயில், தூசி, ஏசி இவை எதுவும் அதற்குக் காரணம் ஆகாது.

உறுதிப்படுத்த இன்னும் இரண்டு சோதனை செய்தேன். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அம்மாவின் டேபிள் ஃபேனை நேராக வைத்தேன். காற்றோட்டம்தான் பிரச்சினை என்றால் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கியிருக்க வேண்டும். எனக்கு இறங்கியது இரண்டு. அடுத்தது, ரெண்டர் ஓடும்போது ஃபேன் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். ஃபேன் 3,000 சுற்றுக்குப் பக்கத்தில் அலறுகிறது, திரையில் 100 என்று இருக்கிறது, ஆனால் வெளியே வரும் காற்று ஜில்லென்று இருக்கிறது! ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட் சிங்க்கின் ஓரத்தைத் தொட்டேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. பல்லும் நகமுமாக ஃபேன் உழைத்திருக்கிறது, குளிர்ந்த கட்டியைக் குளிரவைக்க.

டார்ச் அடித்து உட்கார்ந்து பார்த்தேன். டப்பாவோடு வந்த இந்த ஸ்டாக் ஃபேனுக்கு நாலு மூலையிலும் நாலு கால், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு புஷ் பின். மூன்று பின் ஒரே உயரத்தில் இருந்தன. எஸ்எம்பிஎஸ் பக்கம், வயர்கள் மறைத்திருந்த மூலையில் நாலாவது பின் மட்டும் அரை சென்டிமீட்டர் மேலே எழும்பி நின்றது. விரலால் தொட்டால் ஆடியது. இரண்டரை மாதமாக அது ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. வண்டியில் வந்த குலுக்கலில் கழன்றிருக்க வேண்டும், ஹீட் சிங்க்கின் எடை ஒரு பக்கமாக இழுத்து மற்ற மூலையைத் தூக்கிவிட்டது. பேஸ்ட் மாற்றியவர் பெட்டிக்குள் வைத்தபடியே பின்னை அழுத்தியிருக்கிறார், அது பிடித்த மாதிரி பாவலா செய்துவிட்டு ஒன்பது நாளில் வெளியே வந்துவிட்டது. புதுப் பேஸ்ட் கெட்டியாக இருந்த வரைக்கும் இடைவெளியை ஒப்பேற்றியிருக்கிறது போல.

கழற்றும்போது பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பிராசஸரின் மேல்தகட்டில் பேஸ்ட் ஒரு பக்கம் நசுங்கி உலோகமே தெரிகிற அளவு மெல்லிசாக இருந்தது, எதிர்மூலையில் தயிர் ஏடு மாதிரி தடியாக, மேலே ஹீட் சிங்க் தொட்ட தடமே இல்லாமல் பளபளவென்று இருந்தது. சாய்ந்து உட்கார்ந்திருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பின்னைத் திருப்பிப் பார்த்தால், போர்டுக்கு அடியில் போய்க் கவ்வ வேண்டிய இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் பற்களில் ஒன்று உடைந்திருந்தது. யார் எத்தனை தடவை அழுத்தினாலும் அது நிற்காது.

பின் செட் மட்டும் தனியாகக் கிடைக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. உதிரி பாகம் விற்கிற கடையில் நாலு பின்னும் சேர்த்து 120 ரூபாய். சின்ன டியூப் தெர்மல் பேஸ்ட் 220. பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலும், நூல் பிரியாத துணியும். மாட்டும்போது இம்முறை மதர்போர்டையே வெளியே எடுத்துவிட்டேன், பயமாகத்தான் இருந்தது, ஒவ்வொரு வயரும் எங்கே இருந்தது என்று போனில் பத்துப் பதினைந்து போட்டோ. பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும், ஹீட் சிங்க்கின் அழுத்தமே பரப்பிவிடும். நிறைய வைத்தால் நல்லது என்பது தேங்காய்ச் சட்னிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. டூத்பேஸ்ட் வைக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது சில நாளில் காய்ந்து பொடியாகிவிடும், வேண்டாம்.

பின்னின் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் திருப்பினால் கழலும். மாட்டுவதற்கு முன் நாலையும் அதற்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் டக்கென்று சத்தம் கொடுக்கும். சத்தத்தை நம்பி விட்டுவிடாதீர்கள், போர்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நாலு ஓட்டையிலும் வெள்ளைப் பற்கள் முழுசாக வெளியே வந்து, நடுவில் கறுப்பு முனை தெரிய வேண்டும். சில கேபினட்டில் பின்பக்கத் தகட்டில் இதற்கென்றே ஜன்னல் மாதிரி வெட்டியிருப்பார்கள், அப்படி இருந்தால் போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. கடைசியாக ஹீட் சிங்க்கை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும், அது அசையக்கூடாது. ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருக மறக்க வேண்டாம்.

ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கும். பேஸ்ட் இறுகிப்போயிருக்கும்போது ஹீட் சிங்க்கை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளைந்தால் போச்சு. கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, ஹீட் சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி அப்புறம் தூக்க வேண்டும். புளோயர் அடிக்கிறவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். ஓடவிட்டு அடித்தால் தாங்குகிற வேகத்துக்கு மேல் சுழன்று ஃபேன் கெடும், அது உண்டாக்கும் மின்சாரம் போர்டுக்கும் போகலாம்.

அன்று கத்திரி ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது, அறையில் 35. ஆன் செய்தேன். சும்மா இருக்கும்போது 46. சினிபெஞ்ச்சைத் தட்டிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 62, 66, 70 என்று நிதானமாக ஏறி, பத்து நிமிடத்துக்கப்புறம் 79ல் நின்றது. வேகம் 3.8. சத்தம் பாதிகூட இல்லை. பின்பக்கம் கை வைத்தேன், காற்று சுடச்சுட வந்தது. வெயில் காலத்தில் வெந்த காற்று முகத்தில் அடித்து யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியவில்லை, நான் பட்டேன்.

ஃபார்மட், எஸ்எம்பிஎஸ், ரேம், சர்வீஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழுதைச் சரிசெய்ய உண்மையில் ஆனது 500க்குள். பேஸ்ட் போட்டுக்கொடுத்த கடைக்காரரிடம் உடைந்த பின்னைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். 'இது நமக்குத் தோணலையே மேடம்' என்றவர், அந்த 400ஐத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்து யார் வந்தாலும் போர்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்டுடியோ அண்ணனுக்கும் கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்று ஒரு மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் ஒன்று அனுப்பினார்.

கம்ப்யூட்டர் மேஜையில் பெட்டி வைக்கும் அந்தப் பொந்துக்குள் இப்போது அதை வைப்பதில்லை. மூன்று பக்கமும் பலகை, போன காற்றே திரும்ப உள்ளே வரும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். மூடியின் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதி, அறை, சும்மா, வேலை என்று நாலு கட்டம் போட்டு மாதம் ஒருமுறை எழுதுகிறேன். முதல் வரி மே 11: 35, 46, 79. கடைசியாக எழுதியது போன ஞாயிறு, மழை பெய்து அறை 29க்கு வந்திருந்தது: 40, 74. கணக்குக்கு ஒரு டிகிரி கூடுதல். இறக்கையில் கொஞ்சம் தூசி சேர்ந்திருக்கிறது, இந்த வாரம் பிரஷ் போட வேண்டும்.